நான்கு சிவப்பு ஸ்பிரிங்கும் நைனாவின் கண்ணும்

குவைத்திலிருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறப்பது எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன விசேஷம். வீட்டு நடுவில் பெட்டியை வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, கட்டியிருக்கும் கயிற்றை அறுப்போம். முதலில் கம்பளி வரும். பிறகு பால்பவுடர் டப்பா, சென்ட் பாட்டில், தலைவலித் தைலம். என் வீட்டுக்காரர் பெட்டியிலும் இவை எல்லாம் வந்தன. அவற்றுக்கு அடியில் எனக்குச் சேலை இருக்கும் என்று கையை விட்டேன். கையில் தட்டியது இரும்பு. துண்டில் சுற்றிய நான்கு சிவப்பு ஸ்பிரிங்குகள்.

"இன்னா இது?" என்றேன்.

"காருக்கு."

"எந்தக் காருக்கு?"

"வாங்கப் போற காருக்கு."

கார் வாங்குவதற்கு முன்னாலேயே காருக்கு ஸ்பிரிங் வாங்கிய மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அன்றைக்கு என் அம்மாவிடம் சொல்லிப் பொருமினேன். அம்மா சேலை வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

அங்கே அவர் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பையனுக்குக் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவதில் பைத்தியம். பையனின் பைத்தியம் டிரைவருக்கும் ஒட்டிக்கொண்டது. பையன் வேறு வண்டிக்கு மாறியபோது பழைய வண்டியில் இருந்த சாமானை இவருக்குக் கொடுத்துவிட்டான். அதே வண்டிதான் நம் ஊரில் வேறு பெயரில் ஓடுகிறது என்பது இவர் கண்டுபிடிப்பு. திருப்பதிக்கு வந்து, ஒரு லாட்ஜில் வேன் ஓட்டும் வேலையில் சேர்ந்து, கொஞ்ச காலத்திலேயே அந்த மாடலில் ஒரு பழைய வெள்ளைக் காரைப் பிடித்துவிட்டார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் போன் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் பெருகி, பூத்துக்கு ஆள் வருவது குறைந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே காரைத் தூக்கி நிறுத்தி, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிச் சிவப்பு ஸ்பிரிங்குகளை மாட்டினார். சாயங்காலம் பார்த்தால் கார் அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி தரையில் பதுங்கிக் கிடந்தது. தெருப் பையன்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். இவர் எதிர்ச் சாரியில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தன் காரைத் தானே பார்த்து ரசித்தார். கழற்றின ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்காரர் தராசில் தூக்கிப் போட்டுவிட்டார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

முதல் சவாரி சந்திரகிரிக் கோட்டைக்கு. முதல் வேகத்தடையிலேயே நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வண்டி ஒரு முறை குதித்தால், அதோடு நிற்காமல் இன்னும் இரண்டு மூன்று முறை தலையாட்டியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம்.

"அந்தப் பையன் வண்டி இப்படித்தான் குதிச்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுல ஷாக் வேற."

தோண்டித் துருவி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பையன் கொடுத்தது வெறும் ஸ்பிரிங் இல்லை. அந்த ஸ்பிரிங்குக்கு என்றே செய்த, குதிப்பை அடக்குகிற, ஸ்ட்ரட் என்கிற நான்கு ஷாக்குகளும் சேர்ந்ததுதான் செட். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். விமானத்தில் அனுமதிக்கும் எடையைத் தாண்டிவிட்டது. கம்பளி இல்லாமல் குவைத்திலிருந்து எந்த ஆம்பிளையும் ஊருக்குத் திரும்பியதில்லை. அதனால் ஸ்ட்ரட்டுகளை எடுத்து ரூமில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கம்பளிகளோடு வந்து சேர்ந்தார். கொளுத்துகிற ஊருக்கு, கொளுத்துகிற ஊரிலிருந்து கம்பளி. ஷாக் எதுவானாலும் ஷாக்தானே, வண்டியில் இருப்பதே போதும் என்பது அவர் கணக்கு.

நானும் அதோடு விட்டுவிட்டேன். என் நாக்குதானே, நாலு நாளில் ஆறிவிட்டது.

அந்த மே மாதத்தில் நைனாவுக்குக் கண் போனது. என் அப்பாவைத்தான் நாங்கள் நைனா என்போம். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன வயதில் முள் குத்தி நைனாவின் இடது கண் வெளுத்துப்போயிருந்தது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் கூலிக்குப் போனார், பிறகு கொஞ்சம் நிலம் சேர்த்துக் கடலை போட்டார், என்னைப் படிக்க வைத்தார். அந்தக் கண்ணில் ஓரத்திலிருந்து கறுப்புத் துணி மாதிரி எதுவோ இறங்குகிறது என்று போனில் சொன்னார். அதையும் அம்மா திட்டி, போனைக் கையில் திணித்த பிறகுதான் சொன்னார். அன்றைக்கே திருப்பதிக்கு வரவழைத்தோம். கண்ணுக்குள் இருக்கும் திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும், திரையை ஒட்டவைக்க உள்ளே காற்றடைத்திருக்கிறோம், அந்தக் காற்று மேலே எழும்பித் திரையை அழுத்த வேண்டும், அதனால் ராத்திரியும் பகலும் முகத்தைக் குப்புற வைத்தே இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, "தீஸ்கெள்ளண்டி, கானி குதுப்புலு உண்டகூடது" என்றார். கூட்டிப் போங்கள், ஆனால் குலுங்கக் கூடாது.

குலுங்கக் கூடாது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டாம் மாடி, கக்கூஸ் கீழே. குனிந்த தலையோடு ஒரு மனிதர் அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாது. பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. வாடகைக் கார் கேட்டு அலைந்தேன். பள்ளிக்கூட லீவு, கல்யாண முகூர்த்தம், மலைக்கு வரும் கூட்டம் என்று திருப்பதியில் ஓடுகிற வண்டி எல்லாம் அந்த வாரம் பேசி முடிந்திருந்தது. காருக்கு ஸ்பிரிங் கேட்டு ஷோரூமுக்குப் போனோம். பழைய மாடல், சென்னைக்கு எழுதிப் போட்டால் வரும்போது வரும் என்றார்கள். நைனாவோ எந்தக் கவலையும் இல்லாமல், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாப்ள கார் கீது, இன்னாத்துக்கு அலையறே?" என்றார். மருமகன் காரில் வந்து இறங்கப்போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார் வேறு.

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தம் இரண்டு தெரு கேட்டிருக்கும். "நைனாவுக்கு இருக்கறது ஒரே கண்ணு. அந்த டப்பாவுல அவர ஏத்திக்கினு போயி அதுக்கு ஏதாச்சும் ஆச்சுனா, ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவர் பதிலுக்குப் பதில் பேசுகிறவர். அன்றைக்குக் கீழே இறங்கிப் போய்க் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். காலி லாரி குதிக்கும், லோடு ஏற்றின லாரி அலுங்காமல் போகும். கடலை மூட்டை ஏற்றின வண்டியில் மேலே படுத்துத் தூங்கிக்கொண்டே வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கும் அது சரி என்றே பட்டது. தாமலசெருவு மார்க்கெட்டிலிருந்து சித்தூர் பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகவிருந்த கிளிமூக்கு மாங்காயில், தெரிந்தவரைப் பிடித்து, டிக்கி நிறையவும் முன் சீட்டின் காலடியிலும் டிரே டிரேயாக ஏற்றிக்கொண்டோம். நான் பின் சீட்டில் தலையணையை மடியில் வைத்து, நைனா எப்படி உட்கார வேண்டுமோ அப்படியே முகத்தைக் குப்புற வைத்துக்கொண்டேன். "போங்க" என்றேன்.

முதல் வேகத்தடையில் 'டமார்' என்றது. என் நெற்றி முட்டியில் போய் மோதியது. பின்னால் மாங்காய்கள் உருண்டு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டாவதில் வண்டியின் அடிவயிறே தரையில் தேய்ந்தது. சுமை ஏற்றியதில் குலுக்கல் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். அடிபட்ட வலிக்காக இல்லை. அந்த இடத்தில் நைனாவின் தலை இருப்பதாக நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அவர் ரோட்டோரம் நிறுத்தி, மாங்காயை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரம் காற்றில் தொங்கியது. நான் கோபத்தில் உள்ளே கையை விட்டு அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைப் பிடித்தேன். இளைத்த கையில் வளையல் சுற்றுகிற மாதிரி அது லொடலொடவென்று சுற்றியது.

"இது எதுக்கு சுத்துது? டைட்டா தான இருக்கணும்?"

அவர் குனிந்து பார்த்தார். தானும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த இடத்தில் அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஸ்பிரிங் குட்டை, பழைய ஸ்ட்ரட் நெட்டை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஸ்ட்ரட் அதன் நீளத்துக்கு நீள்கிறது, அவ்வளவு தூரம் ஸ்பிரிங் எட்டாமல் இடத்தை விட்டுக் கழன்று ஆடுகிறது. மேட்டில் ஏறும்போதோ, வண்டி ஏற்கெனவே தாழ்ந்து கிடப்பதால் ஸ்ட்ரட் உள்ளே போக இடமில்லை, அடியில் இருக்கும் ரப்பரில் போய் இடிக்கிறது. நாங்கள் மாங்காய் ஏற்றியது மிச்சமிருந்த கொஞ்ச இடத்தையும் தின்றுவிட்டது. ஸ்பிரிங் எழும்பினால் அதை அடக்குகிற பிடிமானமும் பழைய ஸ்ட்ரட்டுக்குக் கிடையாது. அந்தப் பையனுடைய ஸ்ட்ரட்டுகள் குட்டை, பிடிப்பும் கெட்டி.

"இதுக்குன்னே செஞ்சது அது," என்றார்.

"அது எங்க கீது?"

"கட்டிலுக்கு அடியில தான்."

நான் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மாங்காயத் திருப்பிக் குடுத்துட்டு பூத்துக்கு வண்டிய உடுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் குவைத்துக்குத் தபால் என்பது ஆள்தான். யாராவது லீவில் வந்துகொண்டே இருப்பார்கள், யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள், எல்லோர் சாமானும் எல்லோர் பெட்டியிலும் இருக்கும். பூத்தில் உட்கார்ந்து நான் இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள். குவைத்தில் என் வீட்டுக்காரர் தங்கியிருந்த ரூமுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சித்தூர்க்காரர், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டில். மூன்று வருஷமாக ஊர் பார்க்காதவர், இப்போது லீவில் புறப்படப் போகிறார், புதன்கிழமை சென்னையில் இறங்குகிறார், பெட்டி கட்டி முடிந்தது. நைனாவுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். நான் எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். "எங்க நைனாவுக்கு ஒரு கண்ணு தான் தம்பி. அந்த ஷாக்கு வந்தா தான் அவர வூட்டுக்குக் கூட்டிக்கினு போ முடியும்."

அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

"வெயிட்டு போட்டுப் பாத்துட்டு சொல்றேன்க்கா," என்றார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "எடுத்துக்கினு வர்றேன். கம்பளியெல்லாம் எடுத்து அதே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு, வெளியே காத்திருந்தவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் சித்தூரில் அவர் வீட்டுக்குப் போய் நின்றோம். அவர் மனைவியும் சொந்தக்காரர்களும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் ராத்திரியே வந்துவிட்டாலும், எங்கள் சாமானும் அதில் இருக்கிறது என்று எங்களுக்காகத் திறக்காமல் வைத்திருந்தார்கள். கயிறு அறுந்தது. கம்பளி வரவேண்டிய இடத்தில் முதலில் வந்தவை நான்கு இரும்புக் குழாய்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பெட்டிக்குள் இரும்பு தட்டுப்பட்டால் ஒரு பெண்ணின் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் உறை பிரிக்காமல் வைத்திருந்த கம்பளி ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன். "இது உங்க வூட்டுது, எங்க பெட்டில வந்துட்ச்சி" என்று அவள் மடியில் வைத்தேன். அந்த வெயிலில் அவள் அதைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சென்னை கஸ்டம்ஸில் இந்தக் குழாய்களைக் காட்டி இது என்ன, இது என்ன என்று குடைந்ததையும், ஒன்றை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, அழுத்திக் காட்டித் தப்பித்ததையும் அவர் நடித்துக் காட்டினார்.

வேலூர் ரோட்டில் ஓர் ஒர்க்‌ஷாப். மெக்கானிக் வாய் ஓயாத ஆள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி, பெருமையில் முழுசும் பேசினார். கழற்றின ஸ்ட்ரட்டையும் புதியதையும் சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதியது நாலு விரல் குட்டை. பழையதன் தண்டை நான் ஒரு கையால் அழுத்தினேன், பழைய சைக்கிள் பம்பு மாதிரி உள்ளே போனது. புதியதை என் வீட்டுக்காரர் உடம்பு பாரத்தையே போட்டு அழுத்த வேண்டியிருந்தது. விட்டதும் அவசரப்படாமல் ஒரே சீராக எழுந்து நின்றது. சிவப்பு ஸ்பிரிங்கை அதன் மேல் வைத்துப் பூட்டி, நான்கு சக்கரத்துக்கும் மாட்டினார்கள். இறக்குவதற்கு முன், சக்கரம் தொங்கும்போதே, நான் போய் ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. நான்கையும் பார்த்தேன்.

"ஏம்மா, நுவ்வு கூட மெக்கானிக்கா, நீயுமா?" என்று அந்த ஆள் சிரித்தார். "இல்ல, நா எங்க நைனாவுக்குப் பொண்ணு," என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

திரும்பும்போது மறுபடியும் தலையணையை மடியில் வைத்துக் குப்புறக் கவிழ்ந்தேன். மெத்தென்று இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வண்டி விறைப்பாகத்தான் போனது. ஆனால் இடிக்கவில்லை. வேகத்தடையில் ஒரு முறை ஏறியது, ஒரு முறை இறங்கியது, அதோடு அடங்கிவிட்டது. அந்த டங் சத்தம் எங்குமே இல்லை. சந்திரகிரி தாண்டியதும் தலையை நிமிர்த்தி, "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகச் சித்தூரிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார் போல. கார் ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ரோட்டைப் பாருங்கள் என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின் சீட்டில் நைனா, மடியில் இரண்டு தலையணை, அதில் முகம். கண்ணில் கட்டு. பக்கத்தில் நான், அவர் பிடரியில் என் கை. போகிற வழியை நைனா உடம்பாலேயே பார்த்துக்கொண்டு வந்தார். "இது ரேணிகுண்டா வளைவு" என்றார். "ஏர்ப்பேடு வந்துட்ச்சா, டீக்கடை வாசன வருது" என்றார். காளஹஸ்தியில் ஆற்றுப் பாலத்தின் இணைப்புகள் சக்கரத்துக்கு அடியில் லேசாகத் தட்டியபோது, "சொர்ணமுகி" என்றார். தடா ரோட்டில் திரும்பிய பிறகு பேச்சு நின்றுவிட்டது. எனக்குப் பயம் வந்து காதருகே குனிந்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிடரியில் வைத்த கையை நான் எடுக்கவில்லை, ஆனால் அப்போதுதான் என் தோள் இறுக்கம் விட்டது.

எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஏரிக்கால்வாய்க்கு மேல் மோரி என்கிற ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஒட்டுப்போட்ட கல்லும் உடைந்த சிமெண்டுமாக, மாட்டு வண்டியிலிருந்து கலெக்டர் ஜீப் வரை எல்லோரையும் தூக்கிப் போடும் மோரி. வழி முழுக்க நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். வரதய்யபாளையம் தாண்டும்போதே நைனா விழித்துக்கொண்டார். மோரியைக் கண்டதும் என் வீட்டுக்காரர் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். நான் நைனாவின் தலையை இரண்டு கையாலும் தலையணையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏழுமலையானைக் கூப்பிட்டேன். முன்பக்கம் ஏறியது, இறங்கியது. பின்பக்கம் ஏறியது, இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தால் புளிய மரம் தெரிந்தது, எங்கள் தெரு தெரிந்தது. திரை நன்றாக ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அதற்கப்புறம் நடந்த பரிசோதனையில். எனக்கு உயிர் திரும்பி வந்தது அந்த மோரியைத் தாண்டிய நிமிஷத்தில்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மா ஓடி வந்து கதவைத் திறந்தாள். தெருவே கூடிவிட்டது. நைனா மட்டும் அசையவில்லை. தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய அடிக்குத் தயாராக முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, எதுக்கு நிறுத்திட்டீங்க? மோரி இன்னும் வரலியே," என்றார்.

அம்மா அவர் முதுகில் கை வைத்தாள். "இன்னா மோரி? நம்ம வூட்டு வாசல்ல கீறய்யா நீ."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். நைனா கையை நீட்டி, வெளியே அம்மாவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப வந்துட்டனா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.